மறு: கிளட்ச் சத்தங்களுக்குச் சொல் – 'விடுசத்தம்' குழப்பிவிடும்

வாகனக் கலைச்சொல் குழு நண்பர்களுக்கு வணக்கம்.

கிளட்ச் பெடலை மிதிக்கும்போது வரும் சத்தத்துக்கு 'மிதிசத்தம்', காலை எடுத்ததும் வரும் சத்தத்துக்கு 'விடுசத்தம்' என்று நேற்றைய மடலில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். இரண்டையும் பிரித்தது மிகச் சரி. முதல் சொல்லை அப்படியே ஏற்கிறேன். மிதிவண்டி மாதிரி வினைத்தொகை, நடுவில் ஒற்று மிகாது, சொல்லவும் எளிது. இரண்டாவதுதான் எனக்கு ஒப்பவில்லை. காரணத்தை என் வண்டியை வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் அந்த 'விடு'வால் எனக்குக் காசு போயிருக்கிறது.

போன மழைக்காலத்தில் ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, கோரிமேடு தாண்டி அஸ்தம்பட்டி சிக்னலில் நின்றேன். நியூட்ரலில் போட்டுக் காலை எடுத்ததும் அடியிலிருந்து 'கொர்ர்' என்று ஓர் இரைச்சல். மிதித்தால் அடங்கிவிடுகிறது. ஒர்க்‌ஷாப்புக்குப் போன் செய்து, "கிளட்ச் விடறப்ப சத்தம் வருதுங்க" என்றேன். அவர்கள் அதைக் கிளட்ச் விடுபடும்போது என்று எடுத்துக்கொண்டார்கள். கிளட்ச் விடுபடுவது, அதாவது எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் உள்ள பிணைப்பு விலகுவது, எப்போது? பெடலை மிதிக்கும்போது. ஆகவே மிதிக்கும்போது கிளட்ச்சை விடுவிக்கிற ரிலீஸ் பேரிங் போய்விட்டது என்று முடிவு செய்து, கியர்பாக்ஸை இறக்கி, பேரிங்கோடு கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட் எல்லாவற்றையும் புதிதாக மாட்டிக் கொடுத்தார்கள். மறுநாள் காலை ஸ்டார்ட் செய்தால் அதே 'கொர்ர்'.

கால் விட்டால் கிளட்ச் பிடிக்கிறது, கால் மிதித்தால் கிளட்ச் விடுகிறது. அப்படியிருக்க, 'விடு' என்று மொட்டையாகச் சொன்னால் விடுவது காலா, கிளட்ச்சா? ரிலீஸ் பேரிங்குக்கு நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்கெனவே 'விடுவிப்புத் தாங்கி' இருக்கிறது. அது தேய்ந்தால் பெரும்பாலும் வருவது மிதிசத்தம். பெடலை மிதித்ததும் அந்தத் தாங்கி, கிளட்ச்சை இறுக்கிப் பிடிக்கும் டயாஃப்ரம் ஸ்பிரிங்கின் விரல்களை அழுத்திக்கொண்டு சுழலும், கிரீஸ் வற்றியிருந்தால் கீச்சிடும். ஆனால் பட்டியலைப் புரட்டுகிறவர் விடுவிப்புத் தாங்கியின் சத்தம் 'விடுசத்தம்' என்றுதானே நினைப்பார்? நேர் எதிரான பாகத்தைக் கழற்றுவார்.

என் வண்டிக்கு வந்த கோளாறு வேறு. கொண்டலாம்பட்டிப் பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணன்தான் கண்டுபிடித்தார். பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. என்னையே உட்காரவைத்து, "நியூட்ரல்ல மிதிக்காம வையுங்க. கத்துதா? இப்ப முழுசா மிதிங்க. நின்னுச்சா? அப்ப இது கியர்பாக்ஸ் பேரிங்குங்க" என்றார். கால் வைக்காதபோது கிளட்ச் பிளேட், எஞ்சினோடு சுற்றும் ஃபிளைவீலோடு இறுகியிருக்கும். வண்டி நியூட்ரலில் நின்றாலும் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் எஞ்சினோடு சேர்ந்து சுற்றும். முழுக்க மிதித்தால் ஷாஃப்ட் நின்றுவிடும், அதைத் தாங்கும் பேரிங்கின் சத்தமும் அடங்கும். ஒரு நிமிடச் சோதனைதான், கருவி எதுவும் வேண்டாம்.

அவர் சொன்ன அந்த "மிதிக்காம"வையே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கோரிக்கை: மிதிசத்தம், மிதியாச்சத்தம். இரண்டும் காலைப் பற்றி மட்டும் பேசுகின்றன, கிளட்ச்சுக்குள் நடப்பதைத் தொடவில்லை. 'மிதியா' பழந்தமிழ் மாதிரி இருக்கிறது என்று தயங்க வேண்டாம். அதே அமைப்பில் உள்ள வாடாமல்லியைப் பூக்கடையில் எல்லோரும்தான் கேட்டு வாங்குகிறோம்.

விளக்கத்தில் ஒன்றைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். இந்தச் சொற்கள் சத்தம் வரும் நேரத்தைத்தான் சொல்கின்றன, கெட்டுப்போன பாகத்தை அல்ல. ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள பல வண்டிகளில் ரிலீஸ் பேரிங் எப்போதும் லேசாக ஒட்டியே சுழலும். அது தேய்ந்தாலும் மிதியாச்சத்தம் வரலாம். பெடலில் சும்மா கால் வைத்த மாத்திரத்தில், கிளட்ச் விடுபடும் முன்பே சத்தம் மாறினால், முதலில் ரிலீஸ் பேரிங்கைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

'சத்தம்' வடசொல் வழி வந்தது, 'ஒலி' வைக்கலாம் என்று அம்மா ஒருவர் கேட்டிருந்தார். மிதியொலி நன்றாகவே இருக்கிறது. மிதியாவொலி என்று வரும்போது காதில் இடறுகிறது. தவிர, சேலத்தில் வண்டி ஓட்டுகிற யாரும் மெக்கானிக்கிடம் "ஒலி வருகிறது" என்று சொல்வதில்லை. சத்தமே இருக்கட்டும்.

அப்புறம், 'விடு' கிளட்ச்சுக்கே உரியது என்று ஒதுக்கிவிட்டால் இன்னொரு சொல் தானாகக் கிடைக்கிறது. பெடலை முழுக்க மிதித்தும் கிளட்ச் சரியாக விடாமல், ரிவர்ஸ் போடும்போது பல்லோடு பல் உரசிக் 'கர்ர்' என்கிறதே, அந்தக் கிளட்ச் டிராக்கை 'விடாப்பிடி' என்றே சொல்லலாம். எல்லோருக்கும் பழகிய சொல், பொருளும் அச்சாகப் பொருந்துகிறது. ஸ்லிப்புக்கு 'நழுவுபிடி': மலையேற்றத்தில் மூன்றாம் கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்த எஞ்சின் மட்டும் கத்தும், வேகம் ஏறாது, கருகல் வாடை வரும். முதல் கியரில் கிளம்பும்போது வண்டி குலுங்குவதற்கு 'உதறல்' போதும், ஓட்டுநர்கள் ஏற்கெனவே அப்படித்தான் சொல்கிறார்கள்.

இன்புட் ஷாஃப்ட்டுக்குத்தான் எனக்கு இன்னும் சொல் அமையவில்லை. பட்டியலில் உள்ள 'உள்ளீட்டுத் தண்டு' கணினிப் பாடம் படிப்பது போல இருக்கிறது. எஞ்சினின் சுழற்சியை வாங்கிக் கியர்களுக்குக் கொடுப்பதால் 'வாங்குதண்டு' எனலாமா? இதைவிட நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள். மிதியாச்சத்தத்துக்கான பதிவை எழுதிவிட்டேன், அந்த ஒரு இடத்தை மட்டும் காலியாக விட்டு வைத்திருக்கிறேன்.