சேம்பர் குழுவில் செல்லோ வாசிக்கிறவங்க எங்கிருந்து வர்றாங்க? மகளுக்காகக் கேட்கிறேன் (சேலம்)

ஹஸ்தம்பட்டி அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். மகள் பதினொண்ணாவது, பயோ-மேத்ஸ் குரூப். ஏற்காட்டுல ஹாஸ்டல்ல இருந்தப்ப செல்லோ (உட்கார்ந்து வாசிக்கிற பெரிய வயலின் மாதிரி) பழக ஆரம்பிச்சா, இப்போ லண்டன் டிரினிட்டி இசைப் பரீட்சையில ஆறாவது கிரேடு முடிச்சிருக்கா. பெரிய ஆர்கெஸ்ட்ராவுல அவளுக்கு ஆசையில்ல. நாலஞ்சு பேர் வட்டமா உட்கார்ந்து வாசிக்கிற சேம்பர் குழுதான் வேணுமாம்.

அவ கேட்கிற குழுக்களோட அறிமுகக் குறிப்பெல்லாம் நானும் உட்கார்ந்து படிச்சேன். எந்தக் கன்சர்வேட்டரியில (இசைக் கல்லூரி) படிச்சாங்க, எந்தப் போட்டியில பரிசு, இதுதான் இருக்கு. அந்த நாற்காலிக்கு வர்றவரைக்கும் சாப்பாட்டுக்கு என்ன பண்ணாங்கன்னு ஒரு வரி இல்ல. அவங்க அப்பா இன்ஜினியரிங்ல போடலாம்னு சொல்றார். டாக்டராவோ இன்ஜினியராவோ இருந்துக்கிட்டே இப்படி வாசிக்கிறவங்க உண்டா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கொலுசுப் பட்டறை:
வணக்கம்ங்க. எனக்கும் சேலம்தான், செவ்வாய்ப்பேட்டை. வீட்ல எல்லாரும் வெள்ளிக் கொலுசு வேலை, நான் மட்டும் செல்லோவைத் தூக்கிக்கிட்டு சென்னை வந்துட்டேன். சினிமா ரெக்கார்டிங்தான் பிழைப்பு. வாரக் கடைசியில நாலு பேராச் சேர்ந்து குவார்ட்டெட் வாசிக்கிறோம். அதனால உங்க கேள்வி எனக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கு.

அந்தக் குறிப்புகள்ல பரிசுகளைத் தாண்டி ஒரு விஷயத்தைப் பாப்பா தேடிப் பார்க்கணும்: குழுவுக்கு வர்றதுக்கு முன்னாடி எங்க சம்பளம் வாங்கினாங்க? பல பேருக்கு ஆர்கெஸ்ட்ராவுலதான். அமெரிக்காவோட எமர்சன் குவார்ட்டெட்ல 1979-லேர்ந்து 2013 வரைக்கும் செல்லோ வாசிச்சவர் டேவிட் ஃபின்கல். அவருக்கு அப்புறம் வந்த பால் வாட்கின்ஸ், பிபிசி சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவுல முதல் செல்லோவா (செல்லோ வரிசைக்குத் தலைமை) இருந்தவர், ஆர்கெஸ்ட்ராவைக் கையசைச்சு நடத்துற கண்டக்டராவும் வேலை பார்த்தவர். பீட்டர் வைலிக்கு இருபது வயசுலயே சின்சினாட்டி சிம்பொனியில முதல் செல்லோ. 1987-ல போஸார் டிரியோங்கிற மூணு பேர் குழுவுக்கு வந்தார். அப்புறம் 2001-ல குவார்னேரி குவார்ட்டெட்லேர்ந்து டேவிட் சோயர் விலகினப்போ அந்த இடமும் இவருக்கே வந்தது. சோயர் இவரோட குரு! பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கோட பன்னிரண்டு செல்லோ குழு 1972-லேர்ந்து இருக்கு, அத்தனை பேரும் அந்த ஆர்கெஸ்ட்ராவுல வேலையில இருக்கிறவங்கதான். ஆர்கெஸ்ட்ரா வேலையில இருந்துக்கிட்டேதான் ஊர் ஊராப் போய்க் கச்சேரி பண்றாங்க.

அதுக்கு அடுத்தபடி, சொல்லித்தர்றது. உலகம் முழுக்கச் சுத்தின எமர்சன்காரங்களும் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்துல பாடம் எடுத்தாங்க. இன்னும் பின்னாடி போனா, பேர்போன ஸ்பெயின் செல்லோக்காரர் காசல்ஸ். பார்சிலோனாவுல சின்னப் பையனா இருக்கும்போதே ஒரு கஃபேயில மூணு பேர் குழுவுல வாசிச்சுச் சம்பாதிச்சவர். பியானோ கார்ட்டோ, வயலின் தீபோ ரெண்டு பேரோட சேர்ந்த அந்தப் பெரிய டிரியோ 1905-லதான் வருது.

சினிமா வேலை இதுல எங்க வரும்னு கேட்பீங்க. எங்களுக்கு ஸ்டாண்டுல பேப்பர் வந்த கொஞ்ச நேரத்துலயே ரெக்கார்டிங் டேக். காதுல ஹெட்ஃபோன், அதுல தாளத்துக்கான கிளிக் சத்தம் ஓடிக்கிட்டே இருக்கும். ஒரே ஸ்வரத்தை நாலு பார் (தாள வட்டம்), வில் திரும்புற இடம் தெரியாம இழுக்கணும். நோட்ஸைப் பார்த்த உடனே வாசிக்கிற சைட் ரீடிங்கும் சுருதியும் இந்த வேலையில நல்லாவே படியும். ஆனா தாளத்தைக் கிளிக் பார்த்துக்குது, பக்கத்து ஆளோட மூச்சை நான் கேட்க வேண்டியதே இல்ல. குவார்ட்டெட்ல முதல் வயலின் வாசிக்கிறவர் வில்லை வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு இழுப்பார். அதுலயே வேகம் என்ன, சத்தம் எவ்வளவுன்னு தெரிஞ்சிடும். அந்த மூச்சோட நானும் இறங்கணும். நான் நூலளவு சுருதி இறங்கினா மூணு பேரும் சேர்ந்து இறங்கணும், ஏன்னா அவங்க சுருதி சேர்க்கிறதே என் ஸ்வரத்து மேலதான். இது எந்தக் கிரேடு பரீட்சையிலயும் வராது. தனியா அறையைச் சாத்திக்கிட்டு எத்தனை வருஷம் சாதகம் பண்ணாலும் வராது.

டாக்டர் உண்டான்னு கேட்டீங்களே. ரஷ்யாவுல போரோடின்! மருத்துவம் படிச்சவர், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல மருத்துவ அகாடமியில ரசாயனப் பேராசிரியர். ஓய்வு நேரத்துல செல்லோ வாசிப்பார், இசையும் எழுதுவார். 1881-ல நாலு பேர் வாசிக்க அவர் எழுதின ரெண்டாவது குவார்ட்டெட்டைப் பாப்பாவுக்குப் போட்டுக் காட்டுங்க. மூணாவது பகுதி, நாக்டர்ன், முதல்ல பாடறதே செல்லோதான். செல்லோ வாசிச்ச கை எழுதினதுன்னு அந்த ராகம் தொடங்கின உடனே தெரியும்.

டவுன்ஷிப் பையன்:
அண்ணா சொன்னதுல ஒண்ணு சேர்க்கணும். நான் ஸ்டீல் பிளாண்ட் டவுன்ஷிப்ல வளர்ந்தவன், இப்போ பெங்களூருல சாஃப்ட்வேர். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கும் ஒரு குவார்ட்டெட் இருக்கு, வயோலா (வயலினை விடக் கொஞ்சம் பெரிசு) வாசிக்கிறவர் ஒரு பல் டாக்டர். மனசு நிறைஞ்சு வாசிக்கிறோம். ஆனா அம்மா, "வேலைக்குப் போய்க்கிட்டே அந்த இடத்துக்கு வந்திடலாம்"னு மட்டும் அவகிட்ட சொல்லாதீங்க. பதினேழுலேர்ந்து இருபத்திரண்டு வரைக்கும் தினம் மணிக்கணக்கா சாதகம் பண்ணிக் கையைத் தேத்த வேண்டிய வயசு. இன்ஜினியரிங் செமஸ்டரும் லேபும் சரியா அதே வருஷங்களைக் கேட்கும். ரசிச்சு வாசிக்க நேரம் கிடைக்கும், தொழிலா வாசிக்கிற அளவுக்குக் கிடைக்காது. எது வேணும்னு அவளே தெளிவாச் சொல்லட்டும்.

மலைப்பள்ளி இசை ஆசிரியர்:
ஏற்காட்டில் வயலினும் செல்லோவும் சொல்லித்தருகிறேன். தம்பி சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மேற்கத்திய குவார்ட்டெட் ஒன்றுதான் வழி என்று பாப்பா நினைக்க வேண்டாம். சஸ்கியா ராவ் நெதர்லாந்துக்காரர். ஹரிபிரசாத் சவுராசியாவிடம் கற்று, டெல்லியில் இருந்துகொண்டு ஹிந்துஸ்தானி வாசிக்கிறார். தரையில் உட்கார்ந்து வாசிப்பதற்காகச் செல்லோவையே சிறிதாக்கி, ஐந்தாவது கம்பியும் கூடவே தானாக அதிரும் பத்துத் தரப் கம்பிகளும் சேர்த்துச் செய்துகொண்டார். சேலத்தில் கர்நாடக வயலின்காரர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களில் ஒருவரோடு வாரம் ஒரு முறை உட்காரட்டும். நோட்டேஷன் இல்லாமல் காதால் பின்தொடர்வது அங்கேதான் வரும்.

இன்னொன்று. மழைக்காலத்தில் இங்கே மேகம் வகுப்புக்குள்ளேயே வந்துவிடும். மரம் ஊதி, பிரடை (கம்பியை முறுக்கும் ஆணி) திருகவே வராது. அதே செல்லோவைச் சித்திரை வெயிலில் சேலத்துக்கு இறக்கினால் பிரடை தானாகக் கழலும், ஓரத்தில் பசை விட்டுப்போகும். மலைக்கும் கீழுக்கும் அடிக்கடி தூக்கிப் போவதாக இருந்தால் பெட்டிக்குள் ஈரப்பதம் காட்டும் கருவி ஒன்று வைத்துவிடுங்கள்.

ஹஸ்தம்பட்டி அம்மா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. அவ அப்பாகிட்டயும் படிச்சுக் காட்டினேன். சம்பளம் எங்க வாங்கினாங்கங்கிற அந்த ஒரு கேள்வியில அவரும் கொஞ்சம் இறங்கி வந்திருக்கார். பிளஸ் டூ முடிச்சதும் சென்னையில எங்கயாவது படிக்க வெச்சா, ஆர்கெஸ்ட்ரா வேலை நம்ம நாட்டுல கிடைக்குமா?

கொலுசுப் பட்டறை:
உள்ளதைச் சொல்லிடறேன்ங்க. முழுநேரச் சம்பளம் தர்ற ஆர்கெஸ்ட்ரா நம்ம நாட்டுல ரொம்பக் குறைவு. மும்பையில என்சிபிஏ கலை மையத்தோட சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா 2006-லேர்ந்து இருக்கு. சென்னையில படிக்க ஏ.ஆர். ரஹ்மான் 2008-ல தொடங்கின கே.எம். கன்சர்வேட்டரி இருக்கு. ரெக்கார்டிங் வேலை முன்னளவு இல்ல, பாதி ஸ்ட்ரிங்ஸ் கீபோர்டுலயே முடிஞ்சிடுது. அதனால சொல்லித்தர்றதுக்கும் சேர்த்தே அவளைத் தயார் பண்ணுங்க. செல்லோ கத்துக்க வர்ற பிள்ளைங்க இருக்காங்க, சொல்லித்தர ஆள்தான் கம்மி.

முடிவு பண்றதுக்கு முன்னாடி அவ ஒரு தடவையாவது நாலு பேரோட உட்காரணும். அரையாண்டு லீவுல சென்னைக்குக் கூட்டிட்டு வாங்க, ஏற்காடு எக்ஸ்பிரஸ்ல ஏறினா காலையில வந்திடலாம். நான் எழுந்துக்கிறேன், என் இடத்துல பாப்பா வாசிக்கட்டும். ஹைடன் எழுதின ஆரம்பகாலக் குவார்ட்டெட்ல செல்லோ பகுதி எளிசுதான், ஆறாவது கிரேடுக்குத் தாராளமா வரும். நோட்ஸை முன்கூட்டியே அனுப்பறேன், அவ பகுதியை மட்டும் பார்க்காம நாலு வரியையும் சேர்த்துப் பார்த்துட்டு வரச் சொல்லுங்க. எங்க ஹால் டைல்ஸ் தரை, செல்லோவைத் தரையில ஊன்றுற எண்ட்பின் கம்பி வழுக்கும். நாற்காலிக் கால்ல மாட்டுற பட்டையையும் மறக்காம எடுத்துட்டு வரட்டும்.