மன்னார்குடி வீடு: தாத்தா சதாபிஷேக வீடியோ

செவ்வாய், காலை 6:40

கவிதா: ஞாயிற்றுக்கிழமை திருக்கடையூர் மண்டபத்தில் சாப்பாட்டு நேரத்தில் போட ஒரு வீடியோ செய்கிறேன். பழைய போட்டோ, யாரிடமாவது இருக்கும் வீடியோ, குரல் பதிவு எல்லாம் வேண்டும். என் போனிலேயே சேர்த்துவிடுவேன். வியாழன் ராத்திரிக்குள் அனுப்பிவிடுங்கள்.

கவிதா: ஒரு விஷயம். போட்டோவை ஆவணமாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். போனில் நன்றாகத்தான் தெரியும், பெரிய திரையில் முகமே தெரியாது.

லதா பெரியம்மா: [போட்டோ]

லதா பெரியம்மா: [போட்டோ]

லதா பெரியம்மா: [போட்டோ]

கவிதா: பெரியம்மா, ஆவணமாக 🙏

லதா பெரியம்மா: அது எங்கே இருக்கு

பிரபு: அம்மா, பின் மாதிரி ஒரு குறி இருக்கும். அதை அழுத்துங்கள்.

லதா பெரியம்மா: [காலை வணக்கம், ரோஜாப்பூ படம்]

செந்தில் சித்தப்பா: சிங்கப்பூரில் இருந்து பசங்க வாழ்த்து சொல்லி வீடியோ எடுத்து அனுப்புகிறேன். எத்தனை நிமிஷம்?

கவிதா: 20 நொடி போதும் சித்தப்பா. போனைப் படுக்க வைத்து எடுங்கள்.

செந்தில் சித்தப்பா: 👍

பிரபு: கவி, எதில் செய்கிறாய்? விவாவீடியோ போட்டுக்கொள். என் நிச்சயதார்த்தத்துக்கு அதில்தான் செய்தேன்.

கவிதா: அண்ணா, 2020 ஜூனில் தடை செய்த 59 ஆப்பில் அதுவும் ஒன்று. இன்ஷாட்டில் செய்கிறேன். தேவைப்பட்டால் கைன்மாஸ்டர்.

பெரியப்பா: வேன் சொல்லியாச்சா?

அப்பா: டெம்போ டிராவலர் கேட்டிருக்கிறேன் அண்ணா.

பெரியப்பா: ஒன்று போதாது.

திருச்சி மாமா: கவிதா, ஒன்று சொல்கிறேன், பொறுமையாகப் படி. எல்லோரும் முதலில் போட்டோவை அடுக்கிவிட்டு, கடைசியில் ஒரு பாட்டை எடுத்து மேலே போர்த்துவார்கள். அப்படிச் செய்யாதே. முதலில் ஒலியை அடுக்கு. யார் குரல் எங்கே வர வேண்டும், அது எத்தனை நொடி, நடுவில் எங்கே மூச்சு விட வேண்டும் என்று பார். ஒலி முடிவானால் போட்டோவின் நீளம் தானே வந்துவிடும். 4 நிமிஷ ஒலி என்றால் 240 நொடி. ஒரு போட்டோவுக்கு 4 நொடி என்றால் 60 போட்டோ. நூற்றைம்பது போட்டோவைத் திணித்தால் ஒன்றையும் யாரும் பார்க்க மாட்டார்கள். கூட்டமாக நிற்கும் போட்டோவுக்கு 6 நொடி கொடு, ஒவ்வொருவரும் தன்னைத் தேடிக் கண்டுபிடிக்க நேரம் வேண்டும். தனி முகத்துக்கு 3 நொடி போதும். நாதஸ்வரம் போடுவதாக இருந்தால் குரல் வரும் இடத்தில் அதன் அளவைப் பத்து பதினைந்து சதவீதத்துக்கு இறக்கிவிடு. சினிமாப் பாட்டு வேண்டாம். பிறகு யூடியூபில் ஏற்றினால் உரிமை கேட்டு ஒலியை அடைத்துவிடுவார்கள்.

அம்மா: சரிங்க

பிரபு: 👌

லதா பெரியம்மா: புடவை என்ன கலர் என்று யாரும் சொல்லவில்லையே

சரோஜா அத்தை: அரக்கு. போன வாரமே சொன்னேன்.

திருச்சி மாமா: அப்புறம் முக்கியமானது. எங்கள் கல்யாணக் கேசட் என்னிடம் இருக்கிறது. 1987. ஊஞ்சலில் அத்தை பாடியது.

கவிதா: அப்பாயி பாடியதா??

அப்பா: அத்தான், அது இன்னும் ஓடுகிறதா?

திருச்சி மாமா: ஓட்டிப் பார்க்கவில்லை. பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

ராதா அத்தை: அம்மா வாய் திறந்து பாடி எத்தனை வருஷம் ஆச்சு. பக்கவாதத்துக்கு அப்புறம் பேச்சே குறைவு.

கவிதா: மாமா, அது கட்டாயம் வேண்டும். மற்றது எதுவும் வராவிட்டாலும் பரவாயில்லை.

சரோஜா அத்தை: ஏ பக்கம்தான் இருக்கு.

பெரியப்பா: பி பக்கம் எங்கே போச்சு என்று தம்பியைக் கேளுங்கள்.

செந்தில் சித்தப்பா: அண்ணா, ஆரம்பித்துவிட்டீர்களா

சரோஜா அத்தை: யாரும் அழிக்கக் கூடாது என்று உங்கள் அத்தான் கேசட் முதுகில் இருக்கும் துண்டை உடைத்து வைத்திருந்தார். அந்த ஓட்டையில் செல்லோ டேப் ஒட்டிப் பதிந்தவன் நீ.

செந்தில் சித்தப்பா: அக்கா, எனக்கு அப்போது 14 வயசு

பிரபு: என்ன பதிந்தீர்கள் சித்தப்பா 😂

செந்தில் சித்தப்பா: இலங்கை வானொலிப் பாட்டு

பெரியப்பா: அந்தப் பக்கத்தில் அப்பாவின் அப்பா, நம் ஐயா, பேசியது இருந்தது. ஐயாவின் குரல் வேறு எங்கேயும் இல்லை.

செந்தில் சித்தப்பா: தெரியும் அண்ணா.

அம்மா: சர்க்கரை இல்லாத பாயசம் தனியாகச் சொல்ல வேண்டுமா? மாமாவுக்கும் பெரியத்தானுக்கும்?

லதா பெரியம்மா: ஆமாம், சொல்லிவிடு.

புதன்

செந்தில் சித்தப்பா: [வீடியோ 1:52]

கவிதா: சித்தப்பா, நிற்க வைத்து எடுத்திருக்கிறீர்கள் 🥲 பரவாயில்லை. பக்கத்தில் வரும் கறுப்புப் பட்டைக்குப் பதிலாக அதே படத்தை மங்கலாக்கிப் பின்னால் போட்டுக்கொள்கிறேன்.

செந்தில் சித்தப்பா: குட்டி படுக்கைப் போனில் நிற்க மாட்டேன் என்கிறான்

பெரியப்பா: [குரல் செய்தி 3:14]

பெரியப்பா: அப்பா பஸ் கம்பெனியில் சேர்ந்த கதையைச் சொல்லியிருக்கிறேன். போட்டுவிடு.

கவிதா: சரி பெரியப்பா. ஆனால் குரல் செய்தி ஓபஸ் என்ற வகையில் சேமிக்கிறது, ஆப் அதைக் காட்டவே இல்லை. போனில் ரெக்கார்டர் இருக்கும், அதில் பேசி அனுப்ப முடியுமா? கொஞ்சம் சின்னதாக?

பெரியப்பா: சொன்னது சொன்னதுதான். அதையே மாற்றிப் போட்டுக்கொள்.

பிரபு: நான் எம்பி3 ஆக மாற்றித் தருகிறேன். எனக்கு ஃபார்வர்ட் செய்.

கவிதா: நன்றி அண்ணா.

லதா பெரியம்மா: [ஆவணம்: கூடத்தில் மாட்டியிருக்கும் ஐயா படம்]

பிரபு: ஆவணமாக வந்துவிட்டது 👏👏

கவிதா: பெரியம்மா, அருமை. ஆனால் கண்ணாடியில் டியூப்லைட் விழுந்திருக்கு, நீங்களும் தெரிகிறீர்கள். ஃபிளாஷை அணைத்துவிட்டு, பகலில் ஜன்னல் பக்கமாகப் படத்தைச் சாய்த்து வைத்து எடுங்கள். முடிந்தால் பிரேமைக் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் கூகுளின் போட்டோஸ்கேன் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு தடவை எடுத்த பிறகு நான்கு புள்ளி காட்டும். போனை ஒவ்வொரு புள்ளிக்கும் நகர்த்தினால் கண்ணாடி வெளிச்சத்தை அதுவே எடுத்துவிடும்.

லதா பெரியம்மா: மாலை போட்டிருக்கு, கழற்றக் கூடாது

பெரியப்பா: கழற்ற வேண்டாம்.

திருச்சி மாமா: கேசட் நிலவரம். உடனே போட்டு ஓட்டவில்லை. பல வருஷம் சும்மா இருந்த நாடா ஒட்டிக்கொள்ளும், அவசரப்பட்டால் மடங்கிவிடும். முதலில் பென்சிலைப் பல்சக்கரத்தில் விட்டுக் கொஞ்சம் தளர்த்தினேன். பிறகு டேப்ரிக்கார்டரில் கடைசி வரை ஓட்டித் திரும்பச் சுற்றினேன், ஒலி இல்லாமல். நாடாவுக்குப் பின்னால் ஒரு சின்ன கம்பளித் துண்டு இருக்கும், நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். அதன் பசை காய்ந்து கீழே விழுந்திருந்தது. வேறொரு பழைய கேசட்டில் இருந்து எடுத்து மாற்றினேன். ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தேன், பஞ்சு காப்பிக் கலரில் வந்தது. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், இது ஒரு தடவைதான் ஓடும் என்று நினைத்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டும்.

சரோஜா அத்தை: ரெண்டு நாளாகச் சாப்பாட்டு மேஜை முழுக்க ஸ்க்ரூ டிரைவர்

பிரபு: மாமா, வயர் போட்டு நேராகப் போனில் ஏற்றிவிடுங்களேன்

திருச்சி மாமா: சாதாரண வயர் வேலை செய்யாது பிரபு. டேப்ரிக்கார்டர் வயரின் முனையில் மூன்று பட்டை, போனுக்கு மைக்கோடு நான்கு பட்டை. நீ செருகினால் போன் அதை ஹெட்போன் என்று எடுத்துக்கொள்ளும், உள்ளே ஒலி போகாது. அதற்குத் தனி அடாப்டர் வேண்டும், என்னிடம் இல்லை. அதனால் ஸ்பீக்கர் முன்னால் போனை வைத்தே எடுக்கிறேன். ஜன்னல் மூடி, ஃபேன் அணைத்து, மெத்தை போட்ட அறையில். போனை விமானப் பயன்முறையில் போட்டுவிட வேண்டும், நடுவில் அழைப்பு வந்தால் போச்சு. ஒலி அளவை முழுக்க ஏற்றக் கூடாது, கரகரத்துவிடும்.

அப்பா: நன்றி அத்தான் 🙏

ராதா அத்தை: [ஆவணம்]

ராதா அத்தை: [ஆவணம்]

கவிதா: அத்தை, இரண்டாவது போட்டோ 2009 உங்கள் கல்யாணத்தில் எடுத்ததா? தாத்தாவும் அப்பாயியும் சேர்ந்து சிரிக்கிறார்கள்!

ராதா அத்தை: ஆமாம். அதற்காகத்தான் அனுப்பினேன்.

பெரியப்பா: அது வேண்டாம்.

சரோஜா அத்தை: மாப்பிள்ளை நிற்கும் ஓரத்தை வெட்டிவிடலாம்.

ராதா அத்தை: வெட்டினால் அம்மாவின் கையும் போய்விடும். அவர் தோளில்தான் கை வைத்திருக்கிறாள். எனக்கு ஒன்றும் இல்லை அக்கா, முழுசாகவே போடட்டும்.

பெரியப்பா: சபையில் நாலு பேர் கேட்பார்கள்.

ராதா அத்தை: கேட்டால் நான் பதில் சொல்கிறேன்.

[இந்தச் செய்தி நீக்கப்பட்டது]

லதா பெரியம்மா: பூ எத்தனை முழம் சொல்ல

அம்மா: அக்கா, நான் போன் பண்ணுகிறேன்.

வியாழன், இரவு 9:15

திருச்சி மாமா: [ஆவணம்: ஊஞ்சல் பாட்டு]

திருச்சி மாமா: ஒன்று கவனி கவிதா. டேப்ரிக்கார்டரின் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கிறது. கேசட் நாடா நொடிக்கு 4.76 செ.மீ. ஓட வேண்டும், இது மெதுவாக ஓடுகிறது. அதனால் குரல் கனமாகக் கேட்கும். வேகத்தை 103, 104 என்று ஏற்றிப் பார். சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் கூட்டும் வசதி இருந்தால் அதை அணைத்துவிடு. இங்கே வேகமும் சுருதியும் சேர்ந்துதான் இறங்கியிருக்கிறது, சேர்ந்துதான் ஏற வேண்டும். எவ்வளவு என்று உன் அத்தையைக் கேள். அவள் காதுக்குத் தெரியும்.

ராதா அத்தை: கேட்டேன்

அப்பா: அம்மா

செந்தில் சித்தப்பா: இங்கே ரயிலில் நின்றுகொண்டு கேட்கிறேன் 😭

பிரபு: அப்பாயி இவ்வளவு நன்றாகப் பாடுவார்களா!!

சரோஜா அத்தை: இடையில் வளையல் சத்தம் கேட்கிறதே, அது ஊஞ்சலை ஆட்டிவிட்ட பெரியத்தை.

சரோஜா அத்தை: 104 வை. அதுதான் அம்மா.

கவிதா: வைத்துவிட்டேன் அத்தை. இரைச்சலை முழுக்க எடுக்கவில்லை, எடுத்தால் வளையலும் போய்விடுகிறது. வீடியோ இந்தப் பாட்டில்தான் ஆரம்பிக்கும். முதல் 10 நொடி படம் எதுவும் இல்லாமல் குரல் மட்டும், அப்புறம் மெதுவாகக் கல்யாண போட்டோ. பெரியப்பாவின் பஸ் கம்பெனிக் கதைக்கு நடுவில் தாத்தா காக்கிச் சட்டையில் நிற்கும் போட்டோ வரும்.

பெரியப்பா: முழுசாகப் போட்டாயா?

கவிதா: 50 நொடி பெரியப்பா.

பெரியப்பா: பாதியைக்கூட வைக்கவில்லையா

திருச்சி மாமா: வானொலியில் இருந்தபோது நாடாவை பிளேடால் சாய்வாக வெட்டித்தான் ஒட்டுவோம். நேராக வெட்டினால் ஒட்டிய இடத்தில் டக்கென்று கேட்கும். சாய்வாக வெட்டினால் ஒரு ஒலி தேய்ந்துகொண்டே மற்றது ஏறும். உன் போனில் ஃபேட் என்று இருப்பது அதேதான். ஒவ்வொரு குரலின் முனையிலும் அரை நொடி கொடு.

கவிதா: கொடுத்துவிட்டேன் மாமா.

திருச்சி மாமா: இன்னொன்று. பி பக்கத்தையும் ஓட்டினேன்.

செந்தில் சித்தப்பா: அத்தான் வேண்டாமே

திருச்சி மாமா: கேள். நீ பக்கம் முடியும் வரை பதியவில்லை. பாட்டு நின்ற பிறகு பழையது கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

திருச்சி மாமா: [ஆவணம்: பி பக்கம் கடைசி]

அப்பா: ஐயா!!

பெரியப்பா: "இலை போட்டாச்சா, மாப்பிள்ளை வீட்டாரை முதல் பந்தியில் உட்கார வை"

சரோஜா அத்தை: அவரேதான். யாரையோ அதட்டுகிறார்.

அப்பா: என்னைத்தான் அக்கா. நான்தான் தண்ணீர்ச் செம்பை வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

பெரியப்பா: தம்பி, கேட்டாயா

செந்தில் சித்தப்பா: கேட்டுக்கொண்டே இருக்கிறேன் அண்ணா

கவிதா: இதைச் சாப்பாட்டுக்கு முன்னால் போட்டால் எப்படி இருக்கும்! பந்திக்கு அழைக்கிற மாதிரி. கூடத்துப் படம் வேண்டும், பெரியம்மா.

லதா பெரியம்மா: சுபகாரியத்தில் ஐயா குரல் போடலாமா? யாரையாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

ராதா அத்தை: ஆசீர்வாதம்தானே அண்ணி

பெரியப்பா: போடலாம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. அப்பாவுக்குத் திடீரென்று கேட்டால் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும். 80 வயசு.

சரோஜா அத்தை: நாளைக்கு வீட்டில் ஒரு தடவை போட்டுக் காட்டட்டுமா?

திருச்சி மாமா: அப்புறம் மண்டபத்தில் புதுசாக என்ன இருக்கும்

சனி, மாலை

கவிதா: ஏழரை நிமிஷம் வந்திருக்கு. 1920க்கு 1080, எம்பி4. பழைய டிவியிலும் ஓடும் என்று எச்264 வகையில் எடுத்திருக்கிறேன். ஆவணமாக இங்கேயும் போடுகிறேன், 2 ஜிபி வரை போகும், இது அதில் பாதிகூட இல்லை. பென்டிரைவ் இரண்டு, ஒன்று பிரபு அண்ணாவிடம்.

பிரபு: மண்டபத்தில் டிவியா புரொஜெக்டரா?

அப்பா: டிவி என்றார்கள்.

பெரியப்பா: என்னிடம் புரொஜெக்டர் என்றார்களே

திருச்சி மாமா: எதுவாக இருந்தாலும் ஒலியை டிவி ஸ்பீக்கரில் விடாதீர்கள். மண்டபத்து மைக் செட்டில் கொடுங்கள். நான் காலையிலேயே மைக் செட் தம்பியைப் பார்த்துவிடுகிறேன்.

ராதா அத்தை: கவி, அந்த 2009 போட்டோ இருக்கா?

கவிதா: இருக்கும்படி ஒன்று, இல்லாமல் ஒன்று, இரண்டு விதமாகவும் செய்து வைத்திருக்கிறேன் அத்தை. ஐயா குரலும் தனிக் கோப்பாக இருக்கு.

ராதா அத்தை: பென்டிரைவில் எது?

கவிதா: இரண்டும்.

பெரியப்பா: காலையில் அங்கே வந்து முடிவு செய்துகொள்ளலாம்.

செந்தில் சித்தப்பா: போடும்போது யாராவது எனக்கு வீடியோ கால் போடுங்கள். போனைப் படுக்க வைத்து.

லதா பெரியம்மா: வேன் 3 மணிக்கா 4 மணிக்கா?

அப்பா: 3

அம்மா: டிரைவர் 4 என்றார்