பாட்டு ஒரு பக்கம், லேசர் ஒரு பக்கம்: கொடை மேடை அனுபவங்கள்

வள்ளியூர்ப் பக்கமிருந்து

கோயில் திருவிழாவான கொடைக்கு சீரியல் செட் விளக்கு, குழாய், பாக்ஸ் ஒலிபெருக்கி என்று பேசி முடித்த பிறகு இப்போதெல்லாம் ஊர்க்காரர்கள் லேசரும் கேட்கிறார்கள். வில்லுப்பாட்டுக்கும் அடுத்த பூசைக்கும் இடையே பாட்டோடு சேர்ந்த ஒளிக்காட்சி. அதில் பாட்டும் ஒளியும் ஒட்டவில்லை என்றால் கருவியில் கோளாறு தேடுவதற்கு முன்னால் கூட்டத்துக்குள் நடந்து பாருங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

நாங்குநேரிக்குத் தெற்கே ஓர் அம்மன் கோயில் கொடை. முன்னால் நீண்ட பொட்டல், அதன் கடைசியில் பனை வரிசை, அதுவரைக்கும் ஆட்கள். மேடையோரம் எல்லாம் கச்சிதம். பின்னால் நின்ற பையன்கள் வந்து, "லேசர் முந்திக்கொண்டு போகிறது" என்றார்கள். ரேடியோ செட்காரர் வானத்தைப் பார்த்துவிட்டு, "ஆடிக்காற்று சத்தத்தை அள்ளிக்கொண்டு போகிறது அண்ணாச்சி, நாம் என்ன செய்ய முடியும்?" என்றார்.

காற்றின் மேல் பழி போட இடமில்லை. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று அடித்தாலும், 60 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு ஒலி கூடுதலாகத் தாமதிப்பது 5 மில்லி விநாடிதான். காற்று சத்தத்தின் வலுவைக் குலைக்கும், தாளத்தைக் குலைக்காது. உண்மைக் காரணம் தூரம். நம் ஊர் வெப்பத்தில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் போகும். 10 மீட்டரில் இருப்பவருக்கு 29 மில்லி விநாடியில் வந்து சேரும் அடி, 60 மீட்டரில் இருப்பவருக்கு 170 மில்லி விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். ஒளிக்கு அந்தக் கணக்கே இல்லை.

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998இல் தொலைக்காட்சிக்காக ஒரு பரிந்துரை வெளியிட்டது. ஒலி படத்தை 45 மில்லி விநாடி முந்தினாலே பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுகிறார்; பிந்தினால் 125 வரை கண்டுபிடிப்பதில்லை என்கிறது அது. முதலில் மின்னல், பிறகு இடி என்று பழகிய மனித மனத்துக்கு ஒலி பிந்துவது உறுத்துவதில்லை. இதை மைதானத்தில் அப்படியே பயன்படுத்தலாம். லேசரை 60 மில்லி விநாடி தாமதப்படுத்தினோம். முன்வரிசைக்கு ஒலி 31 முந்துகிறது, கடைசி வரிசைக்கு 110 சொச்சம் பிந்துகிறது. இரண்டும் வரம்புக்குள். பையன்கள் மறுபடி வரவில்லை.

பின்னால் கூடுதல் பாக்ஸ் வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். வைத்து, ஒலிகளைக் கலக்கும் மிக்சரில் அதற்குத் தாமதம் கொடுக்காவிட்டால் பின்னால் இருப்பவருக்கு ஒவ்வோர் அடியும் இரண்டாகக் கேட்கும். தாமதம் கொடுத்தால் எதிரொலி போகும். ஆனால் லேசருக்கும் பாட்டுக்கும் உள்ள இடைவெளி அப்படியே நிற்கும். பாக்ஸ் சத்தத்துக்கு உதவும், இதற்கு உதவாது.

அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். 'டக்' என்ற ஒரே ஓசையும் அதே கணத்தில் ஒரு பளிச்சும் வரும்படி சிறு கோப்பு தயார் செய்து, கூட்டத்தின் நடுவிலிருந்து செல்போனில் விநாடிக்கு 60 ஃபிரேம் (படம்) வேகத்தில் வீடியோ எடுங்கள். ஒரு ஃபிரேம் சுமார் 17 மில்லி விநாடி. பளிச்சுக்கும் ஓசைக்கும் நடுவே எத்தனை ஃபிரேம் என்று எண்ணினால் விடை கையில். செல்போனை லேசர் கதிரை நோக்கிப் பிடிக்காதீர்கள், கேமரா சென்சார் கருகிவிடும். சுவரில் விழும் ஒளியை எடுத்தால் போதும். கதிர் ஆட்களின் தலைக்கு மேலேதான் போக வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சரியாக ஒட்டிய காட்சிக்காக ஒரு பிள்ளையின் கண் போகக் கூடாது.

பாளையங்கோட்டையிலிருந்து

மேலே சொன்னது மாறாத இடைவெளி. ஒரு கல்லூரி ஆண்டு விழாவில் நான் பார்த்தது வளரும் இடைவெளி. தொடக்கத்தில் பிசகே இல்லை. பத்து நிமிடக் காட்சி முடியும்போது அரை விநாடிக்கு மேல் விலகிவிட்டது. பாட்டு ஒரு கருவியில், லேசர் இன்னொரு லேப்டாப்பில், பாட்டு எந்தக் கணத்தில் ஓடுகிறது என்று லேசருக்குச் சொல்லும் ஒலிச் சமிக்ஞையான டைம்கோடு இரண்டையும் இணைத்திருந்தது.

இரண்டு கருவிகளின் கடிகாரமும் ஒத்துப்போகவில்லை என்றார் உடன் இருந்தவர். அந்த அளவு பிசகுக்குக் கடிகாரம் காரணமாக இருக்காது. கருவிகளின் கடிகாரத்தை ஓட்டும் படிகங்களுக்கு இடையே பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தாலும் பத்து நிமிடத்தில் 30 மில்லி விநாடிதான் விலகும். பத்து நிமிடத்துக்கு 0.6 விநாடி என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த எண்ணைக் கண்டதும் எனக்குப் புரிந்துவிட்டது: ஒரு பக்கம் விநாடிக்கு 29.97 ஃபிரேம், மறுபக்கம் 30. ஒரே மெனுவில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு வரிகள். இரண்டு பக்கமும் 30 என்று மாற்றியதும் கடைசி அடி வரை ஒட்டி நின்றது. பாட்டின் சுருதியே மாறிக் கேட்டால் அது வேறு நோய்: 44.1 கிலோஹெர்ட்சில் பதிந்ததை 48இல் ஓட்டினால் வேகம் கிட்டத்தட்ட 9 சதவீதம் கூடும்.

பாட்டையும் டைம்கோடையும் ஒரே வேவ் (சுருக்காத ஒலி) கோப்பில், இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று வைத்துவிடுங்கள். பிறகு அவை பிரிய வழியில்லை. டைம்கோடு போகும் பக்கம் பாக்ஸுக்குப் போகாதபடி மிக்சரில் அடைக்க வேண்டும். கசிந்தால் காதைக் கிழிக்கும் கீச்சொலி. எம்பி3 வேண்டாம், மாற்றும்போதே தொடக்கத்தில் சிறு மௌனம் சேர்ந்துவிடுகிறது. ப்ளூடூத்தில் பாட்டை அனுப்புவது அதைவிட மோசம். 200 மில்லி விநாடி தாமதம் அதில் சாதாரணம். ஒரு ஒயர் இருக்கும்போது ஏன் இந்த வம்பு?

நேரத்துக்கு ஒரு மாதிரி முன்னும் பின்னும் தள்ளாடினால் வைஃபையைச் சந்தேகியுங்கள். லேப்டாப்பிலிருந்து லேசருக்கு நெட்வொர்க் கேபிள் இழுத்தால் அடங்கும்.

அம்பாசமுத்திரத்திலிருந்து

பதிவு செய்த பாட்டுக்கு இதெல்லாம் சரி. எங்கள் பக்கம் கேட்பது நையாண்டி மேளத்துக்கு லேசர். அங்கே டைம்கோடு கிடையாது, மேளக்காரர் மனம்தான் தாளம்.

லேசர் பெட்டியில் உள்ள மைக்கை நம்பி ஓட்டினால் அது ஜெனரேட்டருக்கும் வேட்டுக்கும் சேர்ந்து ஆடும். நாங்கள் தவிலின் தொப்பிப் பக்கம் ஒரு மைக் வைத்து, அதை மிக்சரிலிருந்து தனி ஒயரில் லேப்டாப்புக்குக் கொடுக்கிறோம். தொப்பியில் கழி விழும் அடி தெளிவாகத் தனித்து வருவதால் மென்பொருள் அதைப் பிடித்துக்கொள்கிறது. மறுபக்கமான வலந்தலையில் விரல் ஓடும் வேகத்துக்கு லேசரை ஆட விட்டால் பார்ப்பவருக்குத் தலை சுற்றும்.

உறுமியிடம் இந்த வித்தை பலிக்காது. வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து எழுப்பும் ஒலி இழைந்து ஏறி இழைந்து இறங்குகிறது. எங்கே அடி தொடங்குகிறது என்று கணினிக்குத் தெரிவதில்லை. அந்த இடத்தில் தானியங்கியை அணைத்துவிட்டு, மேளம் கேட்டு வளர்ந்த ஒருவரைக் கீபோர்டில் உட்கார வைக்கிறோம். தாளத்தை முடித்துவைக்கும் தீர்மானம் வரப்போவதை அவர் முன்கூட்டியே உணர்ந்து விரலை வைக்கிறார். ஒலி வந்த பிறகு கணக்குப் போடும் எந்த மென்பொருளும் அவரளவுக்கு ஒட்டி ஓடி நான் பார்த்ததில்லை. அவருக்கு மேளக்காரர் முகம் தெரியும்படி மேசையைப் போடுங்கள், பாக்ஸுக்குப் பின்னால் ஒதுக்காதீர்கள்.