சேலம்–தூத்துக்குடி: வான்வழித் தூரமும் உண்மையான பயண நேரமும்

கேள்வி (ஓமலூர்வாசி):
சேலம் விமான நிலையத்திலிருந்து தூத்துக்குடி விமான நிலையத்துக்குத் தூரம் 338 கி.மீ. என்றும், பறக்கும் நேரம் அரை மணிக்குச் சற்றுக் கூடுதல் என்றும் ஓர் இணையக் கணிப்பான் காட்டுகிறது. ஆனால் பயணச்சீட்டு தேடினால் சென்னை வழியாகச் செல்லும் பல மணி நேரப் பயணங்களே வருகின்றன. எந்தக் கணக்கை நம்பித் திட்டமிடுவது?

மறுமொழி 1 (நிலவரைபடன்):
தூரக் கணக்கு சரியானதே. தாளில் போட்டே சரிபார்க்கலாம். இரண்டு நிலையங்களும் ஏறத்தாழ 78 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில், ஒன்றுக்கு நேர் தெற்கே மற்றொன்றாக அமைந்துள்ளன. சேலம் நிலையம் இருக்கும் கமலாபுரம் 11 பாகை 47 கலை (ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கே கலை) வடக்கு, தூத்துக்குடி நிலையம் இருக்கும் வாகைக்குளம் 8 பாகை 43 கலை வடக்கு. வேறுபாடு 184 கலை. அட்சரேகையில் ஒரு கலை என்பது ஏறத்தாழ ஒரு கடல்மைல் (1.852 கி.மீ.) என்பதால் 184 கடல்மைல், அதாவது சுமார் 340 கி.மீ. கிடைக்கிறது. புவி முழு உருண்டையாக இல்லாததால்தான் கணிப்பானின் எண் சற்றுக் குறைகிறது.

மறுமொழி 2 (ஓடுபாதை):
நேரக் கணக்கில்தான் சிக்கல் இருக்கிறது. இத்தகைய கணிப்பான்கள் பெரும்பாலும் ஜெட் விமானத்தின் வேகத்தால் தூரத்தை வகுத்துவிடுகின்றன. சேலத்தின் ஓடுபாதை ஏறத்தாழ 1,800 மீட்டர்தான். அங்கு வந்துபோவது மணிக்குச் சுமார் 500 கி.மீ. வேகம் கொண்ட ஏடிஆர் 72 என்ற, சுழல்விசிறியால் இயங்கும் சிறிய வகை விமானம். நேரடிச் சேவை இருந்தாலும், ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, மேலேறுவது, காற்றின் திசைக்கேற்பச் சுற்றிவந்து இறங்குவது ஆகியவற்றையும் சேர்த்து, கால அட்டவணையில் ஒரு மணி நேரம் போட வேண்டியிருக்கும்.

அந்த நேரடிச் சேவையும் இல்லை. சென்னை வழியாகப் போனால் முதலில் வடகிழக்கே சுமார் 266 கி.மீ., பிறகு தெற்கே சுமார் 528 கி.மீ. பறக்க வேண்டும், மொத்தம் 794 கி.மீ. என்பது நேர்த்தூரத்தைப் போல இரண்டேகால் மடங்குக்கும் அதிகம். மூக்கைச் சுற்றித் தொடுவது என்பது இதுதான். இரண்டு பயணங்களுக்கும் சேர்த்து இரண்டரை மணி நேரம், அதற்கு மேல் சென்னையில் காத்திருப்பு, இரு முனைகளிலும் ஊருக்கும் நிலையத்துக்கும் இடையிலான சாலைப் பயணம் என்று கூட்டினால், மதுரை வழியாகக் காரில் ஆறேழு மணி நேரத்தில் போய்ச் சேர்வதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இராது.

மறுமொழி 3 (தென்கோடி):
இரவுப் பயணம் ஒத்துவருமானால், சேலம், கரூர், மதுரை வழியாகச் செல்லும் மைசூர்–தூத்துக்குடி விரைவு ரயிலையும் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
விளக்கங்களுக்கு நன்றி. மூத்தவர்கள் உடன் வருவதால், நீண்ட சாலைப் பயணத்தைத் தவிர்த்து விமானத்தையே எடுக்க நேரலாம். அப்படியானால் சென்னையில் எதைக் கவனிக்க வேண்டும்?

மறுமொழி 2 (ஓடுபாதை):
இரண்டு பயணங்களையும் ஒரே பயணச்சீட்டாக வாங்குங்கள். தனித்தனியாக வாங்கினால் சென்னையில் பெட்டிகளைப் பெற்று மீண்டும் ஒப்படைக்க வேண்டும். முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் அந்த இழப்பும் உங்களுடையதே. சக்கர நாற்காலி தேவைப்பட்டால் முன்பதிவின்போதே குறிப்பிட்டுவிடுங்கள்.