ஒரு டோனட் பஞ்சு மாதிரி, இன்னொன்று கேக் மாதிரி: ஏன் இந்த வித்தியாசம்?

உவர்மலைப் பிள்ளை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் அண்ணா கொழும்பிலிருந்து வரும்போது ஒரு பெட்டி டோனட் வாங்கி வந்தார். பார்த்தால் எல்லாம் வளையம்தான். ஆனால் ஒன்று கடித்தால் பஞ்சு மாதிரி அமுங்கி இழுபடுகிறது, இன்னொன்று பட்டர் கேக் மாதிரி உதிர்கிறது, மூன்றாவது ஒன்று வெளியே வெடிப்பு வெடிப்பாக மொறுமொறுவென்றும் உள்ளே ஈரமாகவும் இருந்தது. எனக்கு அந்தப் பஞ்சு மாதிரியானதுதான் வேண்டும்.

இதுவரை மூன்று தடவை செய்து பார்த்துவிட்டேன். அரைக் கிலோ கோதுமை மா, ஒரு சின்னப் பைக்கற்று ஈஸ்ட், ஒரு முட்டை, பால், சீனி, பட்டர். முதல் தடவை கையில் ஒட்டுகிறதே என்று மேலும் இரண்டு கை மா தூவிப் பிசைந்தேன், பணிஸைப் பொரித்த மாதிரி வந்தது. இரண்டாம் தடவை ஈஸ்ட்டோடு பேக்கிங் பவுடரும் போட்டேன், பெரிய மாற்றம் இல்லை. மூன்றாம் தடவை நன்றாகப் பொங்கட்டும் என்று வளையங்களை வெட்டிய பிறகு ஒன்றரை மணித்தியாலம் வைத்தேன். பார்க்க அவ்வளவு அழகாக ஊதி நின்றது, தாச்சியில் போட்டதும் சுருங்கிப் படுத்துவிட்டது, எண்ணெயை எல்லாம் குடித்துவிட்டது. மூன்று தடவையும் பின்னேரமே இறுகிப்போனது.

மாதக் கடைசியில் மகளின் பிறந்தநாள். எங்கே பிழை விடுகிறேன் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெதுப்பகத்தான் எழுதியது:

தங்கச்சி, நீங்கள் சாப்பிட்ட மூன்றுக்கும் பெயர்தான் ஒன்று, பலகாரம் மூன்று. பன்னிரண்டு வருடம் பேக்கரியில் மா பிசைந்தவன் நான். எந்த டோனட் என்றாலும் முதலில் இரண்டு விஷயத்தைப் பார்ப்பேன். உள்ளே காற்றை உண்டாக்கியது எது, அந்தக் காற்றைப் பிடித்து வைத்திருக்கும் சுவர் எப்படிப்பட்டது.

பஞ்சு மாதிரியானது ஈஸ்ட் டோனட். ஈஸ்ட் சீனியைத் தின்று மெதுவாக வாயு விடும். மணிக்கணக்கில் வருகிற அந்த வாயு வெளியே போகாமல் நிற்க, பலூன் மாதிரி இழுபடுகிற சுவர் வேண்டும். கோதுமைப் புரதம் தண்ணீரில் ஊறிப் பிசையப் பிசைய வலையாகப் பின்னிக்கொள்ளும், அதுதான் குளூட்டன். பாண் மாவில் புரதம் 12, 13 சதவீதம் அளவில் இருக்கும், கேக் மாவில் 7 முதல் 9 வரைதான். சீனக்குடாவில் பிரீமா கோதுமை மா ஆலை இருக்கிற ஊரில் இருந்துகொண்டு எல்லா மாவும் ஒன்றுதான் என்று நினைக்கக் கூடாது, கடையில் பாண் மா என்று கேட்டு வாங்குங்கள்.

கேக் டோனட்டுக்கு இது நேர்மாறு. அங்கே காற்றைத் தருவது பேக்கிங் பவுடர். மா நனைந்ததும் கொஞ்சம், எண்ணெயின் சூடு பட்டதும் மிச்சம் என்று வாயு சட்டென்று வந்துவிடும், மணிக்கணக்கில் பிடித்து வைக்கத் தேவையில்லை. அதனால் புரதம் குறைந்த மாவை எடுத்து, கட்டி இல்லாமல் கலந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். அதிகம் பிசைந்தால் கேக் தோலாகிவிடும். நம் வாய்ப்பன் எந்த வழி என்று யோசித்துப் பாருங்கள், பழத்தைப் பிசைந்து மாவும் அப்பச்சோடாவும் சேர்த்துச் சுடுவதுதானே. கேக் டோனட் அதற்குத்தான் நெருங்கிய சொந்தம்.

இப்போது உங்கள் பிழைக்கு வருவோம். முதல் தடவை தூவிய அந்த இரண்டு கை மாதான் வேலையைக் கெடுத்தது. டோனட்டுக்குப் பிசைந்த மா, பாணுக்குப் பிசைந்த மாவை விட இளக்கமாக, கையில் லேசாக ஒட்டத்தான் வேண்டும். இறுகிய சுவரை ஈஸ்ட்டால் தள்ள முடியாது, பேக்கிங் பவுடராலும் தள்ள முடியாது, இரண்டாம் தடவை மாற்றம் வராததற்கும் அதுதான் காரணம். மேசையில் மா தூவாமல் கையில் சொட்டு எண்ணெய் தடவிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு நிமிடம் பிசையுங்கள். பட்டரைத் தொடக்கத்திலேயே போடாதீர்கள், கொழுப்பு புரதத்தை மூடிக்கொண்டால் வலை பின்னத் தாமதமாகும். பாதி பிசைந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். கடைசியில் ஒரு எலுமிச்சை அளவு மாவைக் கிள்ளி இரண்டு கை விரல்களாலும் மெல்ல விரியுங்கள். கிழியாமல் மெல்லிய தாள் மாதிரி விரிந்து, ஜன்னல் பக்கம் பிடித்தால் மறுபக்கம் விரல் நிழல் தெரிய வேண்டும். அது தெரியும் வரை நிறுத்தாதீர்கள்.

பாலையூற்று அக்கா எழுதியது:

மூன்றாம் தடவை சுருங்கியதற்கு நான் பதில் சொல்கிறேன். பிள்ளை, அது நம் ஊர் வெயில். சமையல் குறிப்பில் வளையத்தை ஒரு மணித்தியாலம் பொங்க விடுங்கள் என்று எழுதுகிறவர்கள் 24, 25 பாகை வீட்டில் இருந்துகொண்டு எழுதுகிறார்கள். இங்கே கச்சான் காற்று வீசுகிற நாளில் குசினிக்குள் 34 பாகை. ஈஸ்ட் அந்தச் சூட்டில் ஓடி ஓடி வேலை செய்யும், பட்டரும் உருகி மாவை விட்டு வெளியே வரப் பார்க்கும். எனக்கு இந்த மாதங்களில் இருபது இருபத்தைந்து நிமிடமே காணும். நேரத்தைப் பார்க்காதீர்கள், விரலால் தொட்டுப் பாருங்கள். ஓரத்தில் மெதுவாக அழுத்தினால் குழி பாதி மட்டும் மெல்ல நிரம்ப வேண்டும். உடனே துள்ளி மேலே வந்தால் இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம். குழி அப்படியே நின்றால் சுவர் மெலிந்துவிட்டது, பொரிக்கும்போது வாயுவைப் பிடிக்காது, எண்ணெய்தான் உள்ளே போகும். நான் பாலைக் குளிராகவே ஊற்றுவேன், வளையம் வெட்டுவதற்கு முன் வருகிற முதல் பொங்கலை இரவு முழுக்கக் குளிர்சாதனப் பெட்டியில் விடுவேன். காலையில் மா இறுகி நிற்கும், வெட்டவும் சுகம், மணமும் கூடும்.

இன்னொன்று, பொங்கிய வளையத்தைக் கையால் தூக்கவே கூடாது, விரல் பட்ட இடம் அமுங்கிவிடும். வாழையிலையைச் சின்னச் சதுரமாக வெட்டி, ஈரமில்லாமல் துடைத்து, லேசாக எண்ணெய் தடவி, ஒவ்வொரு துண்டிலும் ஒரு வளையம் வையுங்கள். பொரிக்கும்போது இலையோடு தூக்கி எண்ணெய்க்கு மிக அருகில் சரித்துவிட்டால் போதும், இலை கையோடு வந்துவிடும். சரியாகப் பொங்கியிருந்தால் வளையம் பாதி மிதக்கும், திருப்பிப் போட்டு எடுக்கும்போது நடுவில் சுற்றிலும் ஒரு வெள்ளைப் பட்டி நிற்கும், எண்ணெய் அதிகம் படாத இடம் அது. அந்த வெள்ளைப் பட்டி எனக்கு அவ்வளவு பிடிக்கும், அதைப் பார்த்தால் உள்ளே பஞ்சு என்று கடிக்காமலே தெரியும்.

கடலோரம் எழுதியது:

நல்ல பதில்கள். பொரிப்பது பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன், நான் உணவு விஞ்ஞானம் படித்தவன்.

ஈஸ்ட் டோனட்டுக்கு எண்ணெய் 180 பாகைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். வெப்பமானி இல்லையென்றால் ஒரு சின்னப் பாண் துண்டைப் போடுங்கள், ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் பொன்னிறம் ஆனால் சரி. எண்ணெய் எவ்வளவு கொதித்தாலும் டோனட்டின் உள்ளே ஈரம் இருக்கும் வரை அங்கே சூடு 100 பாகையைத் தாண்டாது, அந்த ஈரம் ஆவியாகி வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் பொரியும்போது எண்ணெயால் அவ்வளவாக உள்ளே வர முடியாது. எண்ணெய் அதிகம் உள்ளே போவது வெளியே எடுத்த பிறகுதான். ஆறும்போது உள்ளே இருக்கிற ஆவி குளிர்ந்து சுருங்கும், வெற்றிடம் மேல்தோலில் ஒட்டிக்கொண்டிருக்கிற எண்ணெயை உறிஞ்சும். ஆகவே எடுத்த கையோடு, சூடு போவதற்குள், கம்பித் தட்டில் வைத்து வடிய விடுங்கள், தாளால் மேலே ஒற்றியும் எடுங்கள். ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் குவித்து வைத்தால் அவ்வளவும் உள்ளே போய்விடும்.

வெடிப்பு வெடிப்பாக இருந்தது பெரும்பாலும் புளித்த கிறீம் சேர்த்துச் செய்கிற பழைய பாணிக் கேக் டோனட். அதைக் குளிர்ந்த மாவாகவே, 165, 170 பாகை அளவில் பொரிப்பார்கள். சூடு குறைவு என்பதால் மேல்தோல் இறுக நேரம் எடுக்கும், அதற்குள் உள்ளே வாயு விரிந்து மேலே வெடிக்கும், அந்த வெடிப்புகளின் ஓரம்தான் மொறுமொறுப்பு. குரூலர் என்று வரிவரியாக முறுக்கிய ஒன்றும் இருக்கிறது, அதில் ஈஸ்ட்டும் இல்லை பவுடரும் இல்லை. தண்ணீரும் பட்டரும் கொதிக்கும்போது மாவைக் கொட்டிக் கிண்டி, பிறகு முட்டை அடித்துச் சேர்ப்பது. அடுப்பிலேயே வெந்த மா நிறையத் தண்ணீரைக் குடித்திருக்கும், எண்ணெயில் அந்தத் தண்ணீர் ஆவியாகி ஊதிவிடும், முட்டை சுவராக இறுகும். உள்ளே கிட்டத்தட்ட வெறும் கூடுதான்.

எனக்கு மிகவும் ஆர்வமானது ஜப்பான்காரரின் வழி. அங்கே மிஸ்டர் டோனட் என்ற டோனட் கடை நிறுவனம் 2003 இல் போன் டி ரிங் என்று எட்டு உருண்டை ஒட்டிய வளையம் ஒன்றைக் கொண்டுவந்தது, கடித்தால் சவ்வு மாதிரி இழுபட்டுத் திரும்பும். குளூட்டனால் வருகிற இழுவை அல்ல அது, மரவள்ளி மாப்பொருளால் வருவது. ஒட்டரிசி மாவில் செய்கிறவர்களும் உண்டு. மரவள்ளி நம் பக்கத்தில் மலிவாகக் கிடைக்கிற கிழங்கு, யாராவது செய்து பார்த்தால் எழுதுங்கள்.

பின்னேரமே இறுகுவதற்கு ஒரு வழி: மொத்த மாவில் இருபதில் ஒரு பங்கை எடுத்து, அதன் ஐந்து மடங்கு பாலில் கரைத்து, கூழ் மாதிரித் தடிக்கும் வரை கிண்டி, ஆறவைத்துச் சேருங்கள். உங்கள் அரைக் கிலோவுக்கு 25 கிராம் மா, 125 மில்லி பால், அந்தப் பாலை மொத்தப் பாலிலிருந்தே எடுங்கள். வெந்த மாப்பொருள் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், மறுநாள் வரை மென்மை நிற்கும். அவித்து மசித்த உருளைக்கிழங்கும் இதே வேலையைச் செய்யும். செய்து முடித்த டோனட்டைக் குளிர்சாதனப் பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள், அங்கே இன்னும் சீக்கிரம் இறுகும்.

பாலையூற்று அக்கா எழுதியது:

தம்பி சொன்னதை வாசித்ததும் அம்மம்மாவின் உளுந்து வடை நினைவுக்கு வந்தது. அதுவும் வளையம்தான், ஈஸ்ட் இல்லை, சோடா இல்லை, குளூட்டனும் இல்லை. ஆட்டுக்கல்லில் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து ஆட்டி, பிறகு கையால் ஒரே பக்கமாக அடித்துக்கொண்டே இருப்பா. ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு மாவை விட்டுப் பார்ப்பா, மிதந்தால்தான் தாச்சியை அடுப்பில் வைப்பா. அங்கே காற்றை உண்டாக்கியது கைதான் போல.

கடலோரம் எழுதியது:

அதேதான் அக்கா. உளுந்தின் புரதம் அடிக்க அடிக்கக் காற்றைச் சுற்றிப் படலம் கட்டும், அதில் இருக்கிற பசை அந்தக் காற்றைத் தாங்கும். தண்ணீர் கூடினால் பசை நீர்த்துவிடும், காற்று நிற்காது, வடை எண்ணெய் குடிக்கும்.

உவர்மலைப் பிள்ளை எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. நேற்று இரவு பாண் மா வாங்கி, கூழ் கிண்டிச் சேர்த்து, பட்டரைக் கடைசியில் போட்டுப் பிசைந்தேன். பதினைந்து நிமிடம் ஆனது, ஆனால் தாள் மாதிரி விரிந்து விரல் நிழல் தெரிந்தது, அதைப் பார்க்க ஒரு சந்தோஷம். காலையில் வெட்டி வாழையிலையில் வைத்து, இருபத்திரண்டாவது நிமிடம் தொட்டுப் பார்த்துப் பொரித்தேன். பத்தில் ஏழில் வெள்ளைப் பட்டி வந்தது. மற்ற மூன்றும் கடைசியாகப் போட்டவை, அதற்குள் பொங்கல் கூடிவிட்டது என்று நினைக்கிறேன். இப்போது இரவு எட்டு மணி, மிஞ்சிய ஒன்றை அமுக்கிப் பார்த்தேன், இன்னும் மென்மையாகத்தான் இருக்கிறது. ஐசிங் சீனி மட்டும் இந்தப் புழுக்கத்தில் கசிந்து வழிகிறது, அதற்கு ஏதாவது வழி உண்டா?

வெதுப்பகத்தான் எழுதியது:

கடைசி மூன்றையும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்து, முதல் ஈடு பொரியத் தொடங்கும்போது வெளியே எடுங்கள் தங்கச்சி, பொங்கல் கூடாது. ஐசிங்கைக் கொஞ்சம் தடிப்பாகக் கரைத்து, டோனட் முழுக்க ஆறிய பிறகு, விருந்தினர் வருவதற்கு ஒரு மணித்தியாலம் முன்னால் பூசினால் போதும். பெட்டியில் போட்டு மூடி வைக்க வேண்டாம். மகளுக்கு வாழ்த்துச் சொல்லுங்கள்.