நீலகிரி எக்ஸ் எஞ்சின், 1:87 அளவில்: 12-க்கு 1 ஏற்றத்தில் பல் கடித்தே ஏற வேண்டும், வழி சொல்லுங்கள்

குன்னூர்_ராக்
வணக்கம். மேட்டுப்பாளையம்–ஊட்டி பாதையில் அடர்லிக்கு மேலே வரும் ஒரு துண்டை எச்.ஓ. அளவில், அதாவது 1:87-ல் செய்துகொண்டிருக்கிறேன். மீட்டர்கேஜை 87-ஆல் வகுத்தால் 11.5 மி.மீ. வருகிறது. அதனால் 12 மி.மீ. தண்டவாளம். பலகை 8 அடி நீளம், ஒன்றரை அடி அகலம். அசல் பாதையில் இருக்கும் 12-க்கு 1 ஏற்றத்தை அப்படியே வைத்திருக்கிறேன். ஒரு முனைக்கும் மறு முனைக்கும் 20 செ.மீ. உயர வித்தியாசம்.

இந்தப் பாதையில் ஓடும் எக்ஸ் வகை நீராவி எஞ்சினின் உடலை ரெசினில் அச்செடுத்தாயிற்று. அடியில் ஜெர்மன் டிடி அளவு (1:120) டேங்க் எஞ்சின் ஒன்றின் சேசிஸ் இருக்கிறது. டிடி-க்கும் 12 மி.மீ.தானே, சக்கரம் பொருந்திவிட்டது. தனியாக விட்டால் ஏறுகிறது. நான்கு பெட்டியை முன்னால் வைத்துத் தள்ளவிட்டால் நின்ற இடத்திலேயே சக்கரம் சுற்றுகிறது.

தண்டவாளத்துக்கு நடுவே பல் தண்டவாளம் ஒட்டி, அதே மோட்டாரில் இருந்து ஒரு பினியனையும் (சிறு பல்சக்கரம்) ஓட்டலாம் என்று நினைக்கிறேன். சரிவருமா? பல் என்ன அளவில் வாங்குவது? மலை ரயிலைப் பல் இல்லாமல் செய்ய மனசு வரவில்லை.

மதுரை_ஓஓ
முதலில் இரண்டு சக்கரத்துக்கு ரப்பர் டயர் போட்டு, தண்ணீர்த் தொட்டிகளுக்குள் ஈயத்தை நிரப்பிப் பாருங்கள். 8 சதவீத ஏற்றத்தில் எஞ்சின் தன் எடைக்குச் சமமான பெட்டிகளைத் தள்ளினாலே பெரிய விஷயம். எஞ்சின் கனமாகவும் பெட்டி லேசாகவும் இருந்தால் ஒப்பேற்றிவிடலாம். பல் வேலைக்கு லேத் வேண்டும், பொறுமையும் வேண்டும்.

திருச்சி_லேத்
ரப்பர் டயரில் ஏறும், மதுரைக்காரர் சொல்வது சரிதான். ஆனால் தம்பிக்கு வேண்டியது பல் கடித்து ஏறுவது. நானும் அவர் பக்கம்தான். இந்தப் பாதையின் உயிரே நடுவில் இருக்கும் அந்த இரண்டு பல் பட்டைகள். அதை வெறும் அலங்காரமாக ஒட்டிவிட்டு ரப்பரில் ஓட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

தம்பி, ஒரு விஷயம் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஒரே மோட்டாரில் சக்கரத்தையும் பினியனையும் சேர்த்து ஓட்டாதீர்கள். 10 மி.மீ. சக்கரம் ஒரு சுற்றுக்கு 31.4 மி.மீ. நகரும். 12 பல் பினியன், 0.5 மாட்யூல் (பல்லின் அளவைச் சொல்லும் எண்) என்றால் சுற்றுக்கு 18.85 மி.மீ. இரண்டுக்கும் இடையில் கியர் போட்டு இந்த விகிதத்தைத் துல்லியமாகக் கொண்டுவந்தாலும், சக்கரம் கொஞ்சம் தேய்ந்ததும் கணக்கு தப்பும். ஒன்று இழுக்கும், மற்றது பிடிக்கும். சூடாவது மோட்டார்தான்.

அசல் எஞ்சினிலும் இதே சிக்கல் உண்டு. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் இந்த எஞ்சினைச் செய்த எஸ்.எல்.எம். கம்பெனி அதை எப்படித் தீர்த்தது என்று பாருங்கள். ஒவ்வொரு பக்கமும் இரண்டு சிலிண்டர், ஒன்றின்மேல் ஒன்று. கீழ் சிலிண்டர் சக்கரத்துக்கு, மேல் சிலிண்டர் பினியனுக்கு. மேட்டுப்பாளையத்தில் இருந்து கல்லாறு வரை சமதளம், அங்கே கீழ் சிலிண்டருக்கு மட்டும்தான் வேலை. கல்லாறில் பல் பாதை தொடங்கியதும், கீழே வேலை முடித்த நீராவி வெளியே போகாமல் மேல் சிலிண்டருக்குப் போய் பினியனைச் சுற்றும். இரண்டு ஓட்டமும் வேறு வேறு என்பதால் ஒன்றோடொன்று மோதுவதில்லை. பல் பாதையில் ஏறும்போது பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், மேல் ராடு வேகமாக ஓடும், கீழ் ராடு நிதானமாகப் போகும்.

உங்கள் பலகையில் இருப்பது முழுக்கப் பல் பாதை. அதனால் வேலை இன்னும் எளிது. மோட்டார் பினியனை மட்டும் ஓட்டட்டும். சக்கரத்துக்குப் போகும் கியரைக் கழற்றிவிடுங்கள். சக்கரங்கள் சும்மா உருண்டு, கரன்ட் எடுத்துக்கொடுத்தால் போதும். உருளும்போது கீழ் ராடுகள் தானாக ஆடும். அதற்குச் சக்கரங்கள் தடையில்லாமல் உருள வேண்டும், விரலால் தள்ளிப் பாருங்கள்.

பல்: அசல் பாதையில் இருக்கும் ஆப்ட் முறைப் பல் பட்டையில் பல்லுக்குப் பல் 120 மி.மீ. நம் அளவுக்கு 1.38 மி.மீ. கடையில் கிடைப்பது 0.4 மாட்யூல் என்றால் 1.26, 0.5 என்றால் 1.57. நான் 0.5-ஐத்தான் எடுப்பேன். 0.4-ல் பல் உயரம் குறைவு, பாதை கொஞ்சம் ஏறி இறங்கினாலும் பினியன் நழுவும். அசலில் இரண்டு பட்டை உண்டு, ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதின் பள்ளம் வரும். 1:87-ல் அதைச் செய்தால் ஒவ்வொரு பட்டையும் காகிதம்போல் ஆகிவிடும். 1 மி.மீ. கனத்தில் ஒரே பித்தளைப் பட்டை வையுங்கள், மேலே நடுவில் மெல்லிய கறுப்புக் கோடு இழுங்கள். இதில் சமரசம் செய்யலாம்.

வேகம்: பல் பாதையில் அசல் ரயிலின் உச்ச வேகம் மணிக்கு 13 கி.மீ. உங்கள் பலகையில் அது நொடிக்கு 4 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். 8 அடியைக் கடக்க ஒரு நிமிடம் ஆகும். அதற்குப் பினியன் நிமிடத்துக்கு 132 சுற்று சுற்றினால் போதும். 40-க்கு 1 வார்ம் கியர் (திருகுபோல் சுற்றும் கியர்) போட்டால் மோட்டார் 5,300 சுற்றுக்குப் பக்கம், சின்ன 12 வோல்ட் மோட்டாருக்கு அது சுகமான வேகம். வார்ம்தான் வேண்டும். கரன்ட் போனாலும் ரயில் நின்ற இடத்திலேயே நிற்கும், பெட்டிகளின் எடை எஞ்சினைக் கீழே தள்ளாது. சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் என்20 கியர் மோட்டாரில் சாதா கியர் வகையும் உண்டு, வார்ம் வகையும் உண்டு. கேட்டு வாங்குங்கள்.

லவ்டேல்_பெட்டி
பெட்டி பற்றி மட்டும் ஒரு வார்த்தை. எஞ்சின் எப்போதும் இறக்கத்துப் பக்கம்தானே? ஏறும்போது தள்ளுகிறது, இறங்கும்போது முட்டுக்கொடுக்கிறது. இரண்டு நேரத்திலும் பெட்டிகள் எஞ்சின்மேல் சாய்ந்தே இருக்கும், கொக்கி இழுபடாது. எனவே கொக்கிக்குச் செலவழிக்க வேண்டாம். பஃபர் முகம் எல்லாப் பெட்டியிலும் ஒரே உயரத்தில் நேருக்கு நேர் முட்டுகிறதா என்று பாருங்கள், பெட்டிக்கு இடையே வெறும் சங்கிலி போதும். எடையைப் பெட்டித் தளத்துக்கு அடியில் வையுங்கள். கூரையில் எடை இருந்தால் வளைவில் தள்ளும்போது பெட்டி கவிழும்.

இன்னொன்று, ஒவ்வொரு பெட்டி முனையிலும் பிரேக்ஸ்மேன் நிற்க வேண்டும், கொடியோடு. நீலமும் கிரீமும் எவ்வளவு அழகாகப் பூசினாலும், அந்த ஆள் இல்லாவிட்டால் அது நீலகிரி ரயில் ஆகாது.

குன்னூர்_ராக்
லேத் ஐயா, மிக்க நன்றி. சக்கரத்தைச் சும்மா விடுவது எனக்குத் தோன்றவே இல்லை. பெட்டி அண்ணா, பிரேக்ஸ்மேன்களை நிச்சயம் வைக்கிறேன். இரண்டு சந்தேகம்: டிடி தண்டவாளத்தையே போடலாமா? பித்தளைப் பட்டையால் ஷார்ட் ஆகாதா?

திருச்சி_லேத்
டிடி தண்டவாளம் ஓடும், ஆனால் பார்வைக்குச் சரியாக இருக்காது. தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டையின் நீளம் கிட்டத்தட்ட ஒத்துவரும், 21 மி.மீ.க்குப் பக்கம். இடைவெளிதான் நெருக்கம். கட்டைகளை இணைக்கும் பிளாஸ்டிக்கை அடியில் வெட்டி, தள்ளித் தள்ளி வையுங்கள். இல்லையென்றால் பீகோ கம்பெனியின் எச்.ஓ.எம். (1:87 மீட்டர்கேஜ்) தண்டவாளம் வாங்குங்கள், விலை கூட. வளைவை ரொம்ப இறுக்க வேண்டாம். அசல் பாதையில் கடுமையான வளைவே 100 மீட்டர் ஆரத்தை ஒட்டித்தான், நம் அளவுக்கு 115 செ.மீ. உங்கள் 8 அடிக்குள் அது மெல்லிய எஸ் வளைவாக அழகாக வரும், பட்டையும் உடையாமல் வளையும்.

ஷார்ட் பயம் வேண்டாம். பினியனை டெல்ரினில் (ஒருவகைக் கடினப் பிளாஸ்டிக்) வெட்டுங்கள், அதில் கரன்ட் பாயாது. பித்தளையோடு உரச எண்ணெயும் தேவையில்லை. எண்ணெய் வார்முக்கு மட்டும், அதுவும் ஒரு சொட்டு. பட்டையில் எண்ணெய் பட்டால் அது தண்டவாளத்துக்குப் பரவி, சக்கரம் கரன்ட் எடுக்காது.

ஒட்டும்போது பினியனுக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு மெல்லிய காகிதத் துண்டை வைத்து எஞ்சினை உட்கார வையுங்கள். சக்கரம் நான்கு ஜோடியும் தண்டவாளத்தைத் தொட வேண்டும், காகிதத்தில் பல் தடம் விழ வேண்டும், கிழியக் கூடாது. அப்படி வந்தால் அந்த உயரத்திலேயே பட்டையை ஒட்டிக்கொண்டு போகலாம். முதல் ஒரு அடியை ஒட்டியதும் பக்கவாட்டில் படம் எடுத்துப் போடுங்கள். பல் எவ்வளவு உள்ளே இறங்குகிறது என்று பார்த்துச் சொல்கிறேன், அப்புறம் மீதி ஏழு அடியை ஒட்டுங்கள்.