சுங்கை சிப்புட்ல இருந்து முதல் தடவை கேஎல் (கோலாலம்பூர்) போறீங்களா? திரும்பி வர்ற ரயில முதல்ல பாருங்க

போன வாரம் எங்க வீட்டுக்கு எதிர்த்தாப்புல இருக்கற சலூனுக்கு புதுசா வேலைக்கு வந்த தம்பி, திருவாரூர் பக்கம், என்கிட்ட வந்து கேட்டாரு. "அக்கா, ஒரு நாள் லீவு கெடச்சிருக்கு, காலைல பத்துமலை, மத்தியானம் ரெட்டை கோபுரம், சாயந்தரம் கிள்ளான்ல மாமா வீடு, அப்படியே ஏர்போர்ட்ல ஊர்லேர்ந்து வர்றவர்கிட்ட ஒரு பார்சல் வாங்கிட்டு ராத்திரி வந்துரலாம்ல?" எனக்கு சிரிப்பு அடக்க முடியல, ஆனா பாவமாவும் இருந்துச்சு, ஏன்னா 9 வருஷம் முன்னாடி அறந்தாங்கில இருந்து கல்யாணம் ஆகி இங்க, மலேசியால ஈப்போ பக்கத்துல இருக்கற சுங்கை சிப்புட்டுக்கு வந்தப்ப நானும் இதே மாதிரி ஒரு லிஸ்ட் கைல வச்சுக்கிட்டு வீட்டுக்காரர பாடா படுத்துனவதான்.

அவருக்கு சொன்னத இங்கயும் எழுதிடறேன், சலூன், சாப்பாட்டுக்கடை, கோயில் வேலைன்னு நெறைய பேரு இந்த பக்கம் புதுசா வந்திருக்கீங்க.

மொதல்ல புரிஞ்சுக்க வேண்டியது, கேஎல்னு நாம சொல்றது ஒரு ஊர் இல்ல. கேஎல் மட்டும்னா 243 சதுர கிலோமீட்டர்தான், 1974ல சிலாங்கூர்ல இருந்து பிரிச்சு கூட்டரசு பிரதேசம் ஆக்குனாங்க. ஆனா அதை ஒட்டியே பெட்டாலிங் ஜெயா, சுபாங், ஷா ஆலம், கிள்ளான்னு வீடும் கடையும் ஹைவேயுமா நடுவுல ஒரு வயக்காடு கூட இல்லாம கடல் வரைக்கும் போய்க்கிட்டே இருக்கும். நம்ம ஊர்ல கடைத்தெரு முடிஞ்சா செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டம் வந்துரும், ஊர் முடிஞ்சுதுன்னு கண்ணுக்கே தெரியும், அங்க அப்படி எந்த அடையாளமும் கெடையாது. ஏர்போர்ட் இன்னொரு கூத்து, பேருதான் கேஎல் ஏர்போர்ட், இருக்கறது சிப்பாங்ல, அம்பது கிலோமீட்டருக்கு மேல தள்ளி. கேஎல் சென்ட்ரல்ல இருந்து எக்ஸ்பிரஸ் ரயில் 28 நிமிஷத்துல கொண்டு போய் விட்டுரும், ஆனா ஒரு ஆளுக்கு ஒரு வழிக்கு 55 வெள்ளி (ரிங்கிட்ட இங்க வெள்ளின்னுதான் சொல்வோம்), பஸ்ல போனா காசு கம்மி, ஒரு மணி நேரம் வச்சுக்கங்க. பார்சல் வாங்க போற தம்பி, அந்த பார்சல்ல என்ன இருக்குன்னு மொதல்ல கேளுங்க, அதுக்கப்பறம் 110 வெள்ளி செலவு பண்ணலாமான்னு யோசிங்க.

அதனால ஒரு நாளைக்கு ஒரு பக்கம். பத்துமலை வடக்கு, கிள்ளான் மேக்கு, ஏர்போர்ட் தெக்கு, இதுல ரெண்ட சேத்தீங்கன்னா பாக்கறது முழுக்க ரயில் பொட்டி உள்பக்கமாத்தான் இருக்கும்.

இப்ப ரயில் விஷயம், இதத்தான் நல்லா கவனிக்கணும். நம்ம ஊர்ல ஈடிஎஸ்ங்கற தூரப்பயண கரண்ட் ரயில் நிக்கும், ஆனா எல்லா ஈடிஎஸ்சும் நிக்காது, வேகமா போற வண்டி ஈப்போல நின்னுட்டு நம்மள பாக்காமயே போயிரும். எல்லாரும் போறதுக்கு டிக்கெட் போட்டுட்டு "வர்றத அங்க போய் பாத்துக்கலாம்"னு கெளம்பிடுவாங்க. தப்பு. கேடிஎம்னு இருக்கற ரயில்வே ஆப்ப தொறந்ததும் மொதல்ல திரும்புற வண்டிய பாருங்க, அன்னிக்கு நம்ம ஊர்ல நிக்கற கடைசி வண்டி எத்தன மணிக்குன்னு பாத்து அதுல சீட்ட போட்டுட்டு, மிச்ச நேரத்துக்குள்ள என்ன பாக்க முடியுமோ அத பாருங்க. தைப்பூசம், தீபாவளி, ஹரிராயா, சீனப் பெருநாள் சமயத்துல டிக்கெட் சீக்கிரமே காலியாயிரும். டிக்கெட் போடும்போது பாஸ்போர்ட் நம்பர் கேக்கும், சரியா போடுங்க. கேஎல் சென்ட்ரல்ல வண்டி கெளம்பறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடியே கேட்ட மூடிடுவாங்க, தமிழ்நாட்டுல மாதிரி ஓடற வண்டில தொத்திக்கற கதையெல்லாம் நடக்காது.

நான் இத பட்டுதான் கத்துக்கிட்டேன். வந்த மொத வருஷம், கேஎல்ல மஸ்ஜிட் இந்தியா கடைத்தெருல பொடவை பாத்துக்கிட்டு இருந்ததுல நேரம் போனதே தெரியல, ஓடி வந்து பாத்தா கேட் மூடியாச்சு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வண்டி நிக்குது, இந்தப் பக்கம் நானும் வீட்டுக்காரரும் ரெண்டு பொடவை பையும். அப்பறம் டிபிஎஸ்ங்கற பெரிய பஸ் ஸ்டேஷனுக்கு போய், ஈப்போ அமான்ஜெயாவுக்கு ராத்திரி பஸ் புடிச்சு, விடியக்காலம் ரெண்டு மணிக்கு எறங்குனா ஆப்ல கூப்பிடற கிராப் டாக்சி ஒண்ணும் கெடைக்கல, கடைசில மாமியாரோட தம்பி செம்பனை குலை ஏத்துற லோரில வந்து கூட்டிட்டு போனாரு. அந்த பொடவைய கட்டும்போதெல்லாம் எனக்கு குலை வாசனைதான் ஞாபகம் வரும். ஆனா ஒரு நல்லது, அமான்ஜெயா பஸ் ஸ்டேஷன் ஈப்போவுக்கு வடக்கால, நம்ம ஊர் பக்கமாத்தான் இருக்கு, ரயில விட்டுட்டா ஈப்போ டவுனுக்கு போறத விட அங்க எறங்குறது கிட்ட. இத மனசுல வச்சுக்கங்க, ஆனா யாராவது வண்டியோட வர்றாங்களான்னு முன்னாடியே கேட்டு வச்சுக்கங்க.

பழைய ஆளுங்க இன்னும் "புடுராயால எறங்கு"ன்னுதான் சொல்வாங்க, கேக்காதீங்க, வடக்க போற தெக்க போற பெரிய பஸ்செல்லாம் டிபிஎஸ்தான், பண்டார் தாசேக் செலாத்தான்ல இருக்கு, கொமூட்டர்ங்கற புறநகர் ரயில், எல்ஆர்டிங்கற சிட்டி ரயில், ஏர்போர்ட் ரயில் மூணும் அங்க வரும்.

கேஎல் சென்ட்ரல்ல எறங்கினதும் பயந்துராதீங்க. அது ஒரு பெரிய கடை வளாகம் மாதிரி இருக்கும், எந்தப் பக்கம் போனாலும் ஒரு கேட் இருக்கும், ஒவ்வொரு கேட்டும் ஒவ்வொரு ரயில். கொமூட்டர் தனி, எல்ஆர்டி தனி, ஒண்ணுலேர்ந்து வெளிய வந்து கார்டு தட்டிட்டு இன்னொண்ணுல தட்டி உள்ள போகணும். மோனோரயிலுக்கு ஷாப்பிங் மால் வழியா நடந்து போகணும். எம்ஆர்டின்னு இன்னொரு சிட்டி ரயில் இருக்கு, அதோட வரைபடத்துல கேஎல் சென்ட்ரல்னு தேடாதீங்க, அந்த ஸ்டேஷனுக்கு முசியம் நெகாரான்னு பேரு, உள்ளேயே நடைபாதை இருக்கு. இத யாரும் எனக்கு சொல்லல, நான் ஒரு தடவை ஒரு நிறுத்தம் தள்ளிப் போய் திரும்பி வந்தேன்.

டச் என் கோ கார்டு ஆளுக்கு ஒண்ணு வாங்கிடுங்க, ரெண்டு பேருக்கு ஒரே கார்ட தட்ட முடியாது. ரயில், பஸ், டோல் எல்லாத்துக்கும் அதுதான், ரேப்பிட் பஸ்ல சில்லறைய நீட்டுனா டிரைவர் கார்டு மெஷினத்தான் காட்டுவாரு. ஒண்ணு கவனிங்க, போன்ல இருக்கற டச் என் கோ வாலட்ல போடற காசு வேற, கார்டுக்குள்ள இருக்கற காசு வேற, போன்ல நூறு வெள்ளி இருக்கேன்னு கேட்ல கார்ட தட்டுனா செவப்பு லைட்தான் எரியும், பின்னாடி வரிசை நிக்கும். 50 வெள்ளி கட்டுனா 30 நாள் எல்ஆர்டி எம்ஆர்டி பஸ் எல்லாம் போலாம்னு ஒரு பாஸ் இருக்கு, அது மலேசியாக்காரங்களுக்கு மட்டும், ஐசி (மலேசிய அடையாள அட்டை) இல்லாத நான் கவுன்டர்ல போய் கேட்டு மூக்கொடஞ்சு வந்தேன்.

கொமூட்டர்ல நடுவுல ரோஸ் கலர் ஸ்டிக்கர் ஒட்டுன பொட்டி பொம்பளைங்களுக்கு மட்டும். தம்பிங்களா, கூட்டத்துல கண்ண மூடிக்கிட்டு ஏறிடாதீங்க.

பத்துமலைக்கு கேஎல் சென்ட்ரல்ல இருந்து கொமூட்டர் நேரா போகும், எறங்கினா கோயில்தான். ஆனா வண்டி எல்ஆர்டி மாதிரி அடிக்கடி வராது, நேரத்த பாத்துட்டு போங்க. காலைலயே போயிடுங்க, 272 படி, வெயில் ஏறிட்டா படி சுடும், மழை வந்தா வழுக்கும். முருகன் செலை 140 அடி, 2006ல தொறந்தாங்க, ரயில்ல வரும்போதே தங்கமா மின்னும். கைல பிளாஸ்டிக் பை எடுத்துட்டு போகாதீங்க, உள்ள தேங்காயா இருந்தாலும் சரி செருப்பா இருந்தாலும் சரி, கொரங்குக்கு பைன்னா பைதான்.

ரெட்டை கோபுரத்துல மேல ஏறணும்னா டிக்கெட் முன்னாடியே போடணும், திங்கக்கெழம மூடியிருக்கும். கீழ பார்க்குல நின்னு பாக்க காசில்ல, எனக்கு கேட்டா அதுதான் அழகு, அதுவும் ராத்திரி. ஆனா ராத்திரி பாத்தா நம்ம வண்டி போயிரும், அதனால தங்கறதா இருந்தா மட்டும்.

நம்ம ஆளுங்க கடை இருக்கற பிரிக்ஃபீல்ட்ஸ், கேஎல் சென்ட்ரல்ல இருந்து நடந்து போற தூரம்தான். அங்க பெரிய ரோட்டுக்கு பேரு ஜாலான் துன் சம்பந்தன், அவரு நம்ம சுங்கை சிப்புட்ல 1919ல பொறந்தவரு, தோட்டத்த துண்டு துண்டா வித்தப்ப தொழிலாளிங்ககிட்ட பங்கு காசு சேத்து தோட்டத்த வாங்குன கூட்டுறவு சங்கத்த 1960ல ஆரம்பிச்சவரு. என் மாமியாரு பால்மரம் வெட்டுனவங்க, அந்த ரோட்டு போர்ட பாத்தா இன்னும் "நம்ம ஊரு ஆளு பேரு"ன்னு நின்னு ஒரு தடவை படிச்சுட்டுத்தான் நடப்பாங்க. சாப்பாடு அங்கயே சாப்பிடுங்க, வாழையிலை சாப்பாடு நம்ம ஊர விட வெலை கூடத்தான், உக்கார்றதுக்கு முன்னாடி மீனு எவ்வளவுன்னு கேட்டுட்டு கைய வைங்க. ஒரு கடைல கேக்காம ஒரு துண்டு மீன் தலை வாங்கிட்டு நாங்க பட்ட பாடு போதும்.

மத்தியானத்துக்கு மேல இடியோட மழை வரும், சாயந்தரம் மூணுலேர்ந்து அஞ்சு வெளிய அலையற மாதிரி திட்டம் போடாதீங்க, அந்த நேரம் கிராப் வெலையும் ஏறும், ரோடும் ஜாமாகும். கார்ல போறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு, போன் மேப்புக்கு மேல போற ரோடா கீழ போற ரோடான்னு சமயத்துல தெரியாது, ஒரு எக்ஸிட்ட விட்டா அடுத்த டோல் கட்டித்தான் திரும்ப முடியும்.

கடைசியா, ஆனா இத சும்மா படிச்சுட்டு போகாதீங்க. வெளிநாட்டு ஆளுங்க பாஸ்போர்ட்டும் பெர்மிட்டும் கைல இல்லாம கேஎல் போகாதீங்க, ஜெராக்ஸ் மட்டும் இருந்தா செக்கிங்ல மாட்டுனா ரொம்ப அலைய வேண்டியிருக்கும். "பாஸ்போர்ட் முதலாளிகிட்ட இருக்கு"ன்னு சில பேரு சொல்றீங்க, அடுத்தவங்க பாஸ்போர்ட்ட புடிச்சு வச்சுக்கறது இங்க சட்டப்படி தப்பு, தன்மையா கேட்டு வாங்குங்க. நம்ம இந்திய தூதரகத்துக்கு போறதா இருந்தா அது மோன்ட் கியாரால, அங்க ரயில் கெடையாது, கடைசி கொஞ்ச தூரம் கிராப்தான்.

*

தங்கச்சி, நல்லா எழுதியிருக்கீங்க, நான் இங்க தோட்டத்துல பொறந்து வளந்தவன், ஒண்ணு மட்டும் சேத்துக்கறேன் லா. ஊர்லேர்ந்து வர்றவங்க "பத்து"ன்னு காதுல விழுந்தாலே பத்துமலைன்னு நெனச்சு ஏறிடறாங்க. மலாய்ல பத்துன்னா கல்லு, மைல்கல்லுக்கும் அதான். பத்து தீகான்னா நாம சொல்ற மூணாங்கட்டை, அது ஷா ஆலம் பக்கம், கிள்ளான் போற லைன்ல. பத்துமலை வேற லைன், வேற பக்கம். போன தைப்பூசத்துக்கு ஒரு பையன் பால்குடத்துக்கு செம்ப தூக்கிக்கிட்டு மூணாங்கட்டைல நிக்கறான், "அண்ணே மலை எங்க"ன்னு போன் அடிக்கறான். வண்டி கடைசியா எந்த ஊருக்கு போகுதுன்னு பாத்துட்டு ஏறுங்க, நடுவுல உள்ள பேர பாக்காதீங்க.

*

அக்கா, நான்தான் சலூன் தம்பி. பார்சல் என்னன்னு கேட்டேன், ரெண்டு கிலோ அப்பளமும் ஊறுகாயும்தானாம். அத போஸ்ட்ல அனுப்ப சொல்லிட்டேன். பத்துமலை மட்டும் போறேன். திரும்புற வண்டி பாத்தேன், சாயந்தர வண்டில ஒரே ஒரு சீட்டு இருந்துச்சு, போட்டுட்டேன். ஆனா போறதுக்கு அன்னிக்கு காலைல நம்ம ஊர்ல நிக்கற வண்டி எல்லாம் ஃபுல்லு. என்ன பண்றது?

*

அமான்ஜெயாவுக்கு கிராப் போட்டு காலைல மொத பஸ்ல டிபிஎஸ் போயிடு தம்பி. அங்கேர்ந்து கொமூட்டர் கேஎல் பக்கம் வரும், பத்துமலைன்னு போர்டுல போட்டிருக்கற வண்டியா பாத்து ஏறு. வர்றப்ப பிரிக்ஃபீல்ட்ஸ்ல எனக்கு ரெண்டு மொழம் மல்லிப்பூ, வாடாம வாழையிலைல சுத்தி தரச் சொல்லு, காசு வந்து தர்றேன்.